கண்ணாடிக்கு எதிர்ச்சுவர்

காவல் நிலையத்து மேசைக்குப் பின்னால் இருந்தவர் முதலில் கேட்டதே அதைத்தான்.

"போட்டோ இருக்கா?"

அண்ணன் இருபத்திரண்டு வருடமாகப் போட்டோ ஸ்டூடியோவில் படத்து முகங்களைத் திருத்தும் டச்சிங் வேலை பார்ப்பவர். அவரைப் பார்த்துப் போட்டோ இருக்கா என்று கேட்பது ரொட்டிக்கடைக்காரரிடம் ரொட்டி இருக்கா என்று கேட்பது மாதிரி. பையிலிருந்து படக்கட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். நாலு வயதில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மகள் பட்டு, ஆறு வயதில் பள்ளிக்கூடப் பையோடு பட்டு, இந்த வருடம் எடுத்த பாஸ்போர்ட் அளவில் பத்தொன்பது வயதுப் பட்டு. பதினைந்துக்குக் குறையாது.

மேசைக்காரர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு தான் எழுதி வைத்திருந்த தாளை ஒரு முறை படித்தார்.

"முகம் முழுக்க முடின்னு சொல்லித்தான எழுத வச்சீங்க? இதுல ஒரு முடிகூட இல்லையே. இது யாரு?"

"அதுவும் அவதான் சார்."

"அப்ப முடி?"

"நான் எடுத்துட்டேன்," என்றார் அண்ணன்.

மேசைக்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டார். உள்ளபடி இருக்கிற படம் ஒன்று, ஒன்றே ஒன்று கொண்டு வாருங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். அப்படி ஒரு பெண் எங்கே போனாலும் யார் கண்ணிலாவது படாமல் இருக்க முடியாது, இரண்டே நாளில் கிடைத்துவிடுவாள் என்று தைரியமும் சொன்னார். உள்ளபடி இருக்கிற படம் அந்த வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது என்பது அவருக்குத் தெரியாது.

நானும் கூடத்தான் நின்றிருந்தேன். என் வாய் நீளம் எங்கள் தெருவுக்கே தெரியும். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று என்னிடம் இருந்தது. சொல்லவில்லை. அதை வரும் இடத்தில் சொல்கிறேன்.

நான் அதே ஸ்டூடியோவில் கவுண்டரில் இருக்கிறேன். ரசீது எழுதுவது, காய்ந்த படங்களை வெட்டுவது, உறையில் போட்டுக் கொடுப்பது என் வேலை. அண்ணன் குடும்பம் இருக்கும் வீட்டின் மாடி அறையில் ஒண்டியாகக் குடியிருக்கிறேன். அண்ணன், அண்ணி என்பதெல்லாம் வாய்வழி உறவுதான். ஆனால் பட்டு பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவளை இரண்டாவதாகக் கையில் வாங்கியது நான்.

பிறக்கும்போதே நெற்றி, கன்னம், தோள், முதுகு எல்லாம் மெல்லிய முடி. ஒரு மாதத்தில் உதிர்ந்துவிடும் என்றார் நர்ஸ். உதிரவில்லை, வளர்ந்தது. பெரிய டாக்டர் ஒருவர் பொறுமையாக உட்காரவைத்துச் சொன்னார்: இது பிறவியிலேயே வருவது, ரொம்ப ரொம்ப அபூர்வம், யாரும் செய்த தப்பு இல்லை, பிள்ளையின் உடம்புக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. தெருவுக்கு அந்த விளக்கம் போதவில்லை. கர்ப்பமாக இருந்தபோது அண்ணி நிலா வெளிச்சத்தில் படுத்தாள் என்றார்கள். ஊர் ஊராய் வருகிற வித்தைக்காரன் வைத்திருந்த கரடியைத் தொட்டாள் என்றார்கள். அடுத்தவர் முகத்தையெல்லாம் மாற்றி எழுதுகிறவனுக்குக் கடவுள் கொடுத்த கூலி என்று அண்ணன் தலையிலும் கொஞ்சம் போட்டார்கள். அண்ணிக்கு டாக்டர் சொன்னது காதில் ஏறியது, மனதில் ஏறவில்லை. பட்டன் தைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு நாள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "நெசமாவே தொட்டேன் தங்கச்சி. பாவமா நின்னுச்சு. ஒரே ஒரு தடவை தடவிக் குடுத்தேன்."

பட்டு என்று பெயர் வைத்ததும் அண்ணிதான். அந்த முடியைத் தொட்டவர்களுக்கு ஏன் என்று தெரியும். காலையில் சின்னச் சீப்பால் நெற்றியில் தொடங்கி வாரிவிடுவாள். புருவத்துக்கு மேலே ஒரு சுழி, அதிலிருந்து முடி விசிறியாகப் பிரியும். கன்னத்து முடி காதை நோக்கிப் போகும். அண்ணி வீட்டில் உட்கார்ந்து ஒரு தையல்கடைக்குக் காஜா எடுத்து, பட்டன் வைத்துக் கொடுப்பவள். விரலுக்குக் கண் உண்டு. பிள்ளையை வாரும்போது முகத்தைப் பார்க்கக்கூட மாட்டாள், ஊர்க்கதை பேசிக்கொண்டே வாரி முடித்துவிடுவாள்.

தெரு பட்டுவுக்கு வைத்த பெயர் கரடிக்குட்டி. பிள்ளைகள் அவளைக் கண்டால் ஊளையிட்டுக் காட்டும். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களே, தூக்கத்தில் பயந்து அழுகிற குழந்தைக்குக் கட்ட வேண்டுமென்று அவள் முடியில் ஒன்று கேட்டு வருவார்கள். அதுவும் யார் கண்ணிலும் படாமல், பின்வாசல் வழியாக. பயமுறுத்துகிற முகம்தான், அதன் முடி பயத்துக்கு மருந்து. பட்டு தலையை நீட்டிக்கொண்டு உட்காருவாள். "முன்வாசல்ல பாத்தா நான் பேய், பின்வாசல்ல பாத்தா நான் டாக்டர், இல்லம்மா?" என்பாள். அண்ணிக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் நிறையும்.

அவளுக்கு மூன்று வயதாகும்வரை அண்ணன் படத்தில் கை வைக்கவில்லை. எங்கள் முதலாளி அந்தப் படங்களில் ஒன்றை யாரையும் கேட்காமல் பெரிதாக்கி வாசல் கண்ணாடிப் பெட்டியில் மாட்டினார். கூட்டம் நின்று பார்த்தது. நாலாம் நாள் பொருட்காட்சியிலிருந்து ஒரு ஆள் மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தான். கரடிக்குப் பிறந்த பெண் என்று பலகை எழுதி மேடையில் உட்காரவைத்தால் போதும், பிள்ளையை ராணி மாதிரி வைத்துக்கொள்வேன் என்றான். அண்ணன் கை நீட்டி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அன்று மத்தியானமே வாசல் படத்தை இறக்கிக் கிழித்தார். வீட்டிலிருந்த படங்களையும் எரித்தார். வெந்நீர் வைத்து, அதுவரை எடுத்திருந்த பட்டுவின் நெகட்டிவ் எல்லாவற்றையும் அதில் போட்டார். மேலே இருந்த மருந்துப்பூச்சு கரைந்து கையில் வழவழவென்று வந்தது. கழுவிய பிலிம் வெறும் கண்ணாடித் தாளாக மிதந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரே மாதிரிதான். படம் எடுப்பார். ஜன்னலோரத்துச் சாய்மேசையில் நெகட்டிவைச் செருகி, ஊசி போலச் சீவிய பென்சிலால், பூதக்கண்ணாடி வைத்து, ஒவ்வொரு முடியாக நிரப்புவார். கறுப்பு முடி நெகட்டிவில் வெள்ளைக் கோடு, அதில் பென்சில் ஏறினால் அச்சில் அது தோலாகிவிடும். பிரதி எடுத்து, அதில் மிச்சம் மீதியைத் தூரிகையால் மூடி, அதை மறுபடி படமெடுத்துப் புது நெகட்டிவ் செய்துகொள்வார். முதல் நெகட்டிவ் வெந்நீருக்குப் போகும். எவன் கையிலும் சிக்கக் கூடாது என்பார். ஒரு வருடத்துப் படத்துக்கு இருபது நாள் பிடிக்கும். அத்தனை நுணுக்கமாகப் பெற்ற பிள்ளையின் முகத்தை வேறு எந்தத் தகப்பனும் பார்த்திருக்க மாட்டான். அதைப் பார்த்தது அழிப்பதற்காக என்பதுதான் கொடுமை.

பட்டுவுக்கு அதில் ஒரு வேடிக்கை இருந்தது. "எங்கப்பாவுக்கு ரெண்டு பொண்ணு அத்தை. ஒருத்தி ஆல்பத்துல இருக்கா. அவளுக்கு எல்லாம் நல்லபடியா நடக்கும். நான் பாட்டுக்கு வீட்ல இருந்துக்கறேன்" என்பாள்.

வீட்டில் இருந்துகொள்ளவில்லை. டைப்ரைட்டிங் படித்தாள், கணக்குப் பரீட்சை எழுதினாள், நல்ல மார்க். வேலைக்கு எழுதிப் போட்டபோது விண்ணப்பத்தில் ஒட்டியது ஆல்பத்துப் பெண்ணின் படத்தை. வேறு படம் ஏது? மூன்று இடத்தில் கூப்பிட்டார்கள். மூன்று இடத்திலும் வாசலில் இருந்தவர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்றாவது இடத்தில், படத்தில் இருக்கிறவரை நேரில் வரச் சொல்லம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலம் நேராகக் கவுண்டருக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"அத்தை, எனக்கு அந்தப் படத்துல எட்டு காப்பி வேணும். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்."

"எட்டு எதுக்குடி?"

"எல்லாரும் அவளத்தான வரச் சொல்றாங்க."

கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிரிண்ட் போடுகிறவரிடம் சொல்லி எட்டு எடுத்து, என் கையாலேயே ஓரம் வெட்டி, உறையில் போட்டுக் கொடுத்தேன். பத்தாம் நாள் காலை, பட்டன் டப்பாவுக்கு அடியில் ஒரு சீட்டு இருந்தது. 'வேலைக்குப் போறேன். தேடாதீங்க. அம்மா, கண்ணைக் கெடுத்துக்காம வெளிச்சத்துல தைங்க.' அவ்வளவுதான்.

நான் விழுங்கிய விஷயம் அந்த எட்டுப் படங்கள். என்னைக் குற்றம் சொல்லிவிடுவார்களே என்ற பயம், அவ்வளவுதான் காரணம், வேறு பூசி மெழுக ஒன்றும் இல்லை.

காவல் நிலையத்திலிருந்து வந்த அண்ணன் நேராகச் சாய்மேசைக்குப் போனார். முதலில் வழவழப்பான படத்தின் மேலேயே தூரிகையால் முடி வைத்துப் பார்த்தார். நாடகக்காரர் ஒட்டிய தாடி மாதிரி நின்றது. தூக்கிப் போட்டுவிட்டுக் கெட்டித் தாளை எடுத்தார். மனதிலிருந்தே வரையப் போகிறேன் என்றார். வெளியே விடாத மழை. சோறு கொண்டுபோய் வைத்தால் ஆறிக் கிடக்கும். மூன்று நாள் சவரம்கூடச் செய்யவில்லை. அண்ணி பக்கத்தில் உட்காரப் பார்த்தாள், நிழல் விழுகிறது என்று தள்ளி உட்காரச் சொல்லிவிட்டார். அவள் கதவோரம் உட்கார்ந்து பட்டன் தைத்தாள். ஒரு சட்டைக்கு ஏழு பட்டன் வைக்க வேண்டியவள் ஒன்பது வைத்துவிட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் முடித்தார். நான் எட்டிப் பார்த்தேன். பட்டுவேதான். கன்னத்து முடி காதோரம் திரும்புகிற இடம், மூக்கின்மேல் மெலிகிற இடம், கண்ணில் அந்தக் குறும்பு. பதினாறு வருடமாக எடுத்ததையெல்லாம் அந்த மனிதர் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்திருந்தார். மை காயுமுன் அச்சகத்துக்கு ஓடினார். இருநூறு பிரதி. மேலே பெரிதாகக் 'காணவில்லை', கீழே அவள் உயரமும் ஸ்டூடியோ போன் நம்பரும்.

கட்டு வீட்டுக்கு வந்ததும் அண்ணி ஒன்றை உருவினாள். முதலில் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் வழக்கப்படி விரலால் நெற்றியிலிருந்து வாரினாள். விரல் நின்றுவிட்டது.

"சுழி பக்கம் மாறியிருக்கு."

"என்ன மாறியிருக்கு?"

"இடது புருவத்துக்கு மேலதான அவளுக்குச் சுழி? வலது பக்கம் போட்டிருக்கீங்க. கன்னத்துல வகுடும் அப்படியே மாறிக் கெடக்கு."

அண்ணனுக்கு எரிச்சல். நீ சீப்பால் பார்த்தவள், நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவன், எனக்குத் தெரியாதா என்றார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு, காற்றில் ஒரு முகம் இருப்பது போலக் கையால் வாரிக் காட்டினாள். இரண்டு முறை காட்டினாள். கை இரண்டு முறையும் ஒரே பக்கம்தான் போனது.

எனக்குத்தான் முதலில் உறைத்தது. நெகட்டிவில் மருந்துப் பக்கத்தில்தான் பென்சில் பிடிக்கும். அந்தப் பக்கம் பார்த்தால் வலது இடதாகத் தெரியும், இடது வலதாகத் தெரியும். வருடத்துக்கு இருபது நாள் அவர் முகத்தோடு முகம் வைத்துப் பார்த்த பட்டு, இடவலம் மாறிய பட்டு. நான் வாயைத் திறக்குமுன் அவருக்கும் புரிந்துவிட்டது. நோட்டீஸ் கட்டைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார்.

"நேருல அவளப் பாக்கவே இல்ல போலிருக்கே நான்," என்றார்.

மறுபடி வரைய நாள் இல்லை. சுழியா முக்கியம், ஜனங்களுக்கு முடி தெரிந்தால் போதும் என்று நான்தான் தேற்றினேன். அண்ணி மைதா மாவைக் காய்ச்சிப் பசை கிண்டினாள். வாளியும் பழந்துணியுமாக அண்ணியும் நானும் தெருத் தெருவாக ஒட்டினோம். இரண்டு மணி நேரப் பயணத்தில் ஒரு ஜங்ஷன் ஊர், எல்லாப் பக்கத்துக்கும் அங்கிருந்துதான் பஸ் பிரியும். அதன் பஸ் நிலையத்திலும் ஒட்டிவிட்டு வந்தோம்.

போன் வந்தது. வராமல் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிற அளவுக்கு வந்தது. ஒருவர் காட்டுப் பக்கம் கரடியைப் பார்த்தேன் என்றார். ஒருவர் ஊளையிட்டுவிட்டு வைத்தார். ஒரு அம்மாள் பெண் கிடைத்தால் தனக்கு ஒரு முடி வேண்டும் என்று சொல்லி விலாசம் கொடுத்தாள். நிஜமாகப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. இரண்டே நாளில் கிடைப்பாள் என்று அதுவரை சொல்லிவந்த தெருக்காரர்கள், இப்படிப்பட்ட பெண் யார் கண்ணிலும் படவில்லையென்றால் உயிரோடு இருக்க மாட்டாள் என்று அண்ணி காதில் விழும்படியே பேச ஆரம்பித்தார்கள்.

அவள் போன ஒன்பதாம் நாள் மழை வலுத்து, குளியலறையில் தண்ணீர் இறங்காமல் தேங்கியது. அண்ணி மூடியைத் தூக்கிவிட்டுச் சாக்கடைக்குள் கையை விட்டாள். இழுக்க இழுக்க வந்தது. கூப்பிட்ட குரல் கேட்டு நான் மாடியிலிருந்து ஓடினேன். இரண்டு கையிலும் சேற்றோடு முடியை ஏந்திக்கொண்டு ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி இல்லை அது. மெல்லிசு, நுனி வெளுத்தது. தொட்டதும் எனக்கே தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அண்ணன் மாடத்தில் சவரக்கத்தியைத் தேடினார். இல்லை. ஒன்பது நாளாக அவர் தாடியைத் தொடவில்லை, அதனால் கத்தி காணாமல் போனதே யாருக்கும் தெரியவில்லை. முடியுள்ள பெண்ணை ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தோம். அவள் ஆல்பத்துப் பெண்ணாகி, யார் கண்ணையும் உறுத்தாமல், இந்தச் சுவரொட்டிகளைத் தாண்டியே நடந்து போயிருப்பாள். காவல் நிலையத்து மேசையில் அண்ணன் முதல் நாளே வைத்த படம்தான் சரியான படம். எட்டு காப்பியை நான் அன்றைக்கே சொல்லியிருந்தால் அது புரிந்திருக்கும்.

அப்போதுதான் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன், அழுகையால் ஒன்றும் குறையாது என்று தெரிந்தும். அண்ணன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் செஞ்சு வச்ச முகம்தான அது. நீ வெட்டித்தான குடுத்த" என்றார். அண்ணி முடியை மூன்று தண்ணீரில் அலசி, துண்டில் பரப்பி, விசிறியால் விசிறிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. காய்ந்ததும் பட்டன் டப்பா ஒன்றைக் காலி செய்து அதில் வைத்தாள்.

வழவழப் படத்தை வைத்து இன்னொரு நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்றார் அண்ணன். அண்ணி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அது எம் பொண்ணு இல்ல."

"இப்ப அவ அப்படித்தான் இருப்பா."

"எப்படி இருப்பா? பழைய கத்தி. முகம் பூரா இழுத்திருப்பா. ஒங்க படத்துல காயம் இருக்கா? ரத்தம் இருக்கா?"

அந்த நேரத்தில் மூன்றாம் வீட்டுக்காரி வந்தாள். தன் பையனுக்கு முடி கேட்டு வருடாவருடம் பின்வாசலில் நின்றவள். அன்று முன்வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். கறுப்புக் கயிற்றில் கோத்திருந்ததை அண்ணி மடியில் வைத்தாள். "இது ஒங்ககிட்ட இருக்கட்டும் அக்கா. எம் பையன் இப்பல்லாம் பயப்படறதில்ல" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாள். அண்ணி அதையும் டப்பாவில் வைத்தாள்.

புது நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. பசை வாளியோடு அண்ணனும் நானும் ஜங்ஷன் ஊருக்குப் போனோம். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், அவரைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. பழையவற்றின் மேலேயே புதியதை ஒட்டிவிடலாம் என்று பஸ் நிலையத்தில் ஒவ்வொரு தூணாகத் தேடினோம். டீக்கடையை ஒட்டிய சுவரில் நாங்கள் ஒட்டியது இல்லை. கிழிந்த அடையாளமும் இல்லை. நாலு மூலை சதுரமாக, சுவர் சுத்தமாக இருந்தது.

டீக்கடை அம்மாள் வடிகட்டியைத் தட்டிக்கொண்டே எங்கள் வாளியைப் பார்த்தாள்.

"நீங்கதான் ஒட்டினீங்களா? அத ஒரு பொண்ணு எடுத்துட்டுப் போயிருச்சுங்க. நீங்க ஒட்டின மறுநாளு."

அண்ணன் வாளியைக் கீழே வைத்தார். எப்படிப்பட்ட பெண் என்று நான் கேட்டேன்.

"சின்னப் பொண்ணுதான். முகமெல்லாம் கீறல், அங்கங்க பஞ்சு ஒட்டியிருந்துச்சு. ஆக்சிடென்டாம்மான்னு கேட்டேன், சிரிச்சுச்சு. அந்தப் படத்த ரொம்ப நேரம் பாத்துட்டே நின்னுச்சு. யாரு வரஞ்சதுன்னு கேட்டுச்சு. அப்பா வரஞ்சதாத்தான் ஒட்டும்போது பேசிக்கிட்டாங்கன்னு சொன்னேன். ஒரு டம்ளர் தண்ணி கேட்டுச்சு. குடிக்கத்தான்னு பாத்தா, விரல நனச்சு நனச்சு ஓரத்தத் தடவிட்டு நிக்குது. ஒரு பஸ்ஸு போயிருச்சு, அத விட்டுருச்சு. கொஞ்சங்கூடக் கிழியாம உரிச்சு எடுத்துச்சுங்க."

"ஏதாவது சொன்னாளா?" என்றார் அண்ணன்.

"சொன்னுச்சு. அதுதான் எனக்கு வெளங்கல. 'கண்ணாடியில பாத்த மாதிரியே இருக்கு'ன்னுச்சு. அந்தப் பொண்ணு மொகத்துல ஒரு முடி இல்ல, இது என்னடா இப்படி ஒளறுதேன்னு நெனச்சேன். அப்பறம் காய வச்சு, மடிக்காம, சுருட்டி எடுத்துக்கிட்டு பஸ் ஏறிருச்சு."

எந்த பஸ் என்று கேட்டோம். அந்த நேரத்துக்கு நாலு பஸ் நிற்கும், நாலும் நாலு திசைக்குப் போகும், கவனிக்கவில்லை என்றாள்.

அண்ணன் சுவரில் இருந்த வெற்றிடத்துக்கு முன்னால் நின்றார். உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். இடவலம் மாறிய பட்டுவைப் பார்த்து வந்தவர் உலகத்தில் இரண்டே பேர். நெகட்டிவில் பார்த்த அவர், கண்ணாடியில் பார்த்த அவள். வேறு யாருக்கும் தப்பாகத் தெரிந்த முகம் அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது. அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. டீக்கடை அம்மாள் இரண்டு டீயை எடுத்து வைத்தாள். புது நோட்டீஸ் கட்டு பைக்குள்ளேயே கிடந்தது. அதனடியில் பழைய நோட்டீஸ் மிச்சம் இருந்ததில் ஒன்றை எடுத்துப் பசை தடவி, அதே இடத்தில், ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டினார்.

இந்தப் படத்தை வைத்து யாரும் கண்டுபிடிக்க முடியாதே அண்ணே என்றேன்.

"யாரும் வேண்டாம். மறுபடி இந்தப் பக்கம் வந்தா அவ பாக்கட்டும்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது அண்ணி முதலில் கேட்டது காயத்தைப் பற்றித்தான். பஞ்சு வைத்திருந்தாள் என்றதும், யார் வைத்துவிட்டிருப்பார்கள் என்று கேட்டாள். எங்களுக்குத் தெரியவில்லை. கண்ணாடியைப் பற்றி அவள் சொன்னதைச் சொன்னோம். அண்ணி எழுந்தாள். நோட்டீஸ் ஒன்றை எடுத்து, தலைவாரும் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தாள். கண்ணாடிக்குள் சுழி இடது புருவத்துக்கு மேலே வந்து நின்றது. வகுடு தன் பக்கத்துக்குத் திரும்பியது. அண்ணி விரலால் கண்ணாடியின் மேலேயே வாரினாள். விரல் எங்கேயும் நிற்கவில்லை.

பட்டு போய் நாலு வருடம் ஆகிறது. அண்ணன் மாதம் ஒரு முறை ஜங்ஷன் ஊருக்குப் போய்வருகிறார். அங்கே ஒட்டுவது மழையில் ஊறி, வெயிலில் வெளுத்து, மேலே வேறு விளம்பரம் ஏறி மறைந்துவிடுகிறது. தண்ணீர் தொட்டு யாரும் உரித்ததில்லை. ஸ்டூடியோவில் முடியை எடுத்துத் தரச் சொல்லி யாராவது கேட்டால், தனக்குக் கண் சரியில்லை என்று சொல்லிவிடுகிறார்.

அண்ணி அன்றைக்கே அந்த நோட்டீஸைக் கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் பசை போட்டு ஒட்டிவிட்டாள். அந்த வீட்டில் தலை வாரப் போனால் தோளுக்குப் பின்னால் பட்டு நிற்பாள், அம்மா வாரிவிட்ட முகத்தோடு, எல்லாம் அதனதன் பக்கத்தில். அவள் தலைக்குமேலே இருக்கும் 'காணவில்லை' மட்டும் கண்ணாடியில் திரும்பி விழுந்து, வாசிக்கவே வராது.